அரைப் பேர்

அன்புள்ள மகன்,

நீ ரயில் கோச்சி ஏறிப் போன அன்றைக்கே போனில் கேட்டிருப்பேன். கேட்டால் சண்டையில்தான் முடியும் என்று அம்மா தடுத்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடுதாசி.

தீபாவளிக்கு வந்தபோது அத்தை மகனிடம் நீ சொன்னது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. "நானும் இதே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுலதானே பொறந்தேன்? ஒழைச்சேன், மேல வந்தேன். ஒன்னைய யாரு பிடிச்சு வச்சா?" என்றாய். அவன் பதில் பேசாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அம்மா கூடை கழுவப் போகிறேன் என்று தண்ணீர்ப் பீலிப் பக்கம் போய்விட்டாள். அந்த மழையில் யாராவது கூடை கழுவுவார்களா?

முப்பது வருஷமாக அவள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறாள். 18 கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம். 16 கிலோவில் நின்றுவிட்டால் அரைப் பேர். இரண்டு கிலோ குறைந்ததற்குப் பாதிச் சம்பளம் போகிறது. அன்றைக்கு அவள் பாதி நாள்தான் வேலை செய்தாளா? மாசி பங்குனி வெயிலில் செடி கொழுந்தே விடாது, எவ்வளவு கைவேகம் இருந்தாலும் காம்பில் இருப்பதைத்தானே கிள்ள முடியும்? 2021இல் நாட்சம்பளத்தை 1,000 ரூபா ஆக்கினார்கள். லயத்தில் பட்டாசு கொளுத்தினோம். கொஞ்ச நாளில் நம் தோட்டத்தில் பேருக்கான கிலோவைக் கூட்டிவிட்டார்கள், கொளுத்திய பட்டாசுக் காசுதான் மிச்சம்.

கினிகத்தேனைப் பக்கம் என்னோடு தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த சிங்கள நண்பர் ஒருவர் இருக்கிறார், உனக்கும் தெரியும். அவருக்கு ஒரு ஏக்கர் தேயிலை. அவர் சம்சாரமும் அம்மா மாதிரியே கூடை கட்டிக் கொழுந்து எடுக்கிறவர்தான். ஆனால் எடுத்த கொழுந்து அவர்களுடையது. ஸ்டோருக்குக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள், அரைப் பேர் என்ற பேச்சே அங்கே கிடையாது. காணி உறுதிப் பத்திரத்தை வைத்து பேங்கில் கடன் எடுத்துத்தான் மகளைப் படிக்க வைத்தார். அவர் உழைக்காதவர் என்று சொல்ல மாட்டேன், மாடாய் உழைக்கிற மனுஷன். அம்மாவும் அப்படித்தான் உழைக்கிறாள். நாம் எந்த உறுதியைக் கொண்டுபோய் பேங்கில் வைப்பது? இந்தப் பத்தடிக் காம்பராவுக்கு நம் பேரில் ஒரு துண்டுக் கடுதாசி உண்டா?

ஏன் இல்லை என்று கேட்டால் பழைய கதைக்குத்தான் போக வேண்டும். என் தாத்தா 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அடுத்த வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்ததற்குப் பதிவு காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு எவன் பதிவு எழுதி வைத்தான்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடற்றவனுக்கு அரசாங்க வேலையும் இல்லை, அரசாங்கம் பிரித்துக் கொடுத்த காணியும் இல்லை. இந்தியாவோடு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் வந்தது, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்களையே பங்கு பிரித்தார்கள். அப்பாயியின் அண்ணன் அழுகைக் கோச்சியில் தலைமன்னார் போய்க் கப்பலேறினார். தமிழ்நாட்டுக் கூடலூரிலும் தேயிலைதான் அவருக்கு. இங்கே தங்கிவிட்ட அப்பாயிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது, அதற்குள் மலை வேலையை விட்டே நின்றுவிட்டார். அவர் உழைப்பில் ஒரு குறை சொல்ல உனக்கு வாய் வருமா?

2019இல் அரசாங்கமே எடுத்த கணக்கில் நாடு முழுக்க 100 பேரில் 14 பேர் ஏழைகள். தோட்டத்தில் மட்டும் பார்த்தால் 34 பேர். இலங்கையில் இருக்கிற சோம்பேறிகள் எல்லாரும் பார்த்துப் பார்த்துத் தோட்டத்தில் வந்து பிறந்தார்கள் போல.

நீ உழைக்கவில்லை என்றால் என் நாக்கு அழுகிப் போகும். ஆறு பேர் படுக்கிற காம்பராவில் இடமில்லாமல், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா வாசலில் உட்கார்ந்து படித்தவன் நீ. ஆனால் அந்த ஆயாம்மா லைட்டை அணைக்காமல் விட்டுப் போனதையும் சேர்த்துச் சொல். உயர்தர வகுப்பில் கணிதம் படிக்க டவுனில் இடம் கிடைத்தது, சித்தப்பா வீட்டில் சோறு கிடைத்தது. அதையும் சொல். அத்தை மகன் ஆசைப்பட்ட விஞ்ஞானப் பிரிவு அவன் பள்ளிக்கூடத்தில் இல்லவே இல்லை.

அப்புறம் அந்தத் தபால் விஷயம். உனக்கு இதுவரை சொல்லவில்லை. லயத்துக்குத் தனி விலாசம் இல்லை, எல்லாத் தபாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். கெம்பஸில் இடம் கிடைத்த கடுதாசி உனக்கு நேரத்துக்கு வந்ததென்றால், அன்றைக்கு ஆபீசில் தபால் பிரித்தவர் எனக்குத் தெரிந்தவர், அவரே மழையில் நனைந்தபடி கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து அத்தை மகனுக்குத் தொழிற்பயிற்சி நேர்முகத்துக்கு ஒரு கடுதாசி வந்தது. அதே ஆபீஸ்தான், ஆள் மட்டும் மாறியிருந்தார். கடுதாசி கைக்குக் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து ஒன்பது நாள். அதற்குப் பிறகுதான் அவன் கொழும்புக் கடைக்கு மூட்டை தூக்கப் போனான். நீ கேட்டாயே, யார் பிடித்து வைத்தது என்று. அவன் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்தது உன் மேல் வைத்த மரியாதை என்று நினைக்கிறேன், அல்லது அவனே தன்னைக் குறை சொல்லப் பழகிவிட்டானோ என்னவோ.

சரி, திட்டியது போதும். அவன் மறுபடியும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறான். விலாசம் என்கிற இடத்தில் உன் போர்டிங் விலாசத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அவன் பேரில் ஏதாவது வந்தால் மேசை மேல் போட்டு வைக்காதே, அன்றைக்கே பிரித்துப் பார்த்து அவனுக்கு போன் போடு.

அம்மா அரைக் கிலோ தேயிலைத் தூள் கட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவன் கையில் கொடுத்து அனுப்புகிறோம், ராத்திரி அங்கேயே தங்கட்டும்.

அப்பா