கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிடி

இன்ஜினியரம்மா,

இங்க எல்லாரும் நலம். உன் முதுகுவலி தேவலையா? ரெண்டு பேரும் இவ்வளவு நாள் எழுதாம இருந்ததுக்கு இன்னொரு நாள் உக்காந்து சண்டை போட்டுக்கலாம், இப்ப அவசரம். நேத்து நீ அனுப்புன மெசேஜ்ல நம்ம ஃப்ரெண்டு நெட்டை வேலை மாறுனது, உன் புது ஆபீஸ்னு எல்லாம் சொல்லிட்டு, கடைசில போற போக்குல ஒரு வரி போட்டிருந்த பாரு, ஏரித் தண்ணிய வடிச்சு, அடிச்சேறு மொத்தத்தையும் வழிச்செடுத்து, திரும்ப நிரப்பி, மீன் குஞ்சு விட்டா தண்ணி தெளிஞ்சிடும்னு. அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடல.

அந்த பிளான்ல சேறு எத்தனை கன மீட்டர், பாசிக்கு உரமாகுற பாஸ்பரஸ் எவ்வளவுன்னு எல்லாம் இருக்கும், நீ அதுல கெட்டிக்காரி. ஆனா டாஃப்னியா, தண்ணியில மிதக்குற அந்தப் பொடி நீர்த்தெள்ளு, அதைப் பத்தி ஒரு வார்த்தை எங்கயாவது இருக்கா? இருக்காது. மைக்ராஸ்கோப்புல கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் என்கூட உக்காந்து எண்ணுனவளே, நீயே மறந்துட்டியா? அதைவிடப் பொடியான மிதவை உயிரி ரோட்டிஃபரை எல்லாம் தூசின்னு தள்ளிவிட்டுட்டு வாத்தியார்கிட்ட மாட்டுனியே, "அது தூசி இல்லம்மா"ன்னு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதுலயே இருக்கு.

பாசியக் குறைக்கணும்னா அதைத் தின்னுற ஆள் தண்ணிக்குள்ள இருக்கணும். டாஃப்னியா நாள் பூரா கால அடிச்சு அடிச்சு, கால்ல இருக்குற மயிர்ச் சல்லடையில தண்ணிய வடிகட்டி, அதுல வர்ற பாசியத் தின்னுக்கிட்டே இருக்கும். பெருசா இருக்குற ஒண்ணு ஒரு நாளைக்குப் பல மில்லி லிட்டர் வடிகட்டும், கூட்டமா இருந்தா ஏரியோட மேல் அடுக்குத் தண்ணி மொத்தமும் ஒரு நாளைக்குள்ள இதுங்க உடம்பு வழியாப் போய் வந்துடும். குளிர் நாட்டு ஏரிகள்ல வசந்தம் முடியுற சமயத்துல சில வாரம் தண்ணி திடீர்னு தெளிஞ்சு அடி வரைக்கும் தெரியுமே, யாரும் மருந்து போட்டு வர்றதில்ல அது, பெரும்பாலும் இதுங்க மேய்ஞ்சதுதான். ஆனா உடம்பு பெருசா இருக்கணும். சின்ன சைஸ் நீர்த்தெள்ளான பாஸ்மினாவும் ரோட்டிஃபரும் வடிகட்டுறது ரொம்பக் கம்மி, அதுவும் பொடிப் பாசிய மட்டும்தான்.

இப்ப உன் மீன் குஞ்சுக்கு வர்றேன். மிதவை உயிரிகளைத் தின்னுற மீனு பெரும்பாலும் கண்ணால பாத்துப் பொறுக்கும், பெருசா கண்ணுக்குப் படுறதைத்தான் மொதல்ல எடுக்கும். ப்ரூக்ஸும் டாட்சனும் 1965ல எழுதுன கட்டுரையை வாத்தியார் நமக்குப் படிக்கக் குடுத்தாரே, அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல கிரிஸ்டல் ஏரி. 1942ல அங்க டாஃப்னியா மாதிரி பெரிய வகைங்க நல்லா இருந்துச்சு, நடுவுல ஹெரிங் குடும்பத்து மீன் ஒண்ணு உள்ள வந்துச்சு, 1964ல பாத்தா பெருசுங்களைக் காணோம், பாஸ்மினா மாதிரி பொடிசுங்கதான் நிறைஞ்சு கிடக்கு. நம்பர் குடுத்தாத்தான் உங்க ஆளுங்க நம்புவாங்கன்னா அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்து மெண்டோட்டா ஏரிய எடுத்துக்கோ. 2009ல வெளியில இருந்து வந்த முள்வால் நீர்த்தெள்ளு ஒண்ணு டாஃப்னியாவத் தின்னு குறைச்சுது, அதனால மட்டுமே தண்ணியோட தெளிவு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறைஞ்சுது. நீங்களோ அந்த மாதிரி வேலைய காசு குடுத்து செய்யப் போறீங்கடி!

எல்லா மீனும் கெடுதல்னு சொல்லல. சின்ன மீனைத் தின்னுற பெரிய மீனை விட்டா சின்னது குறையும், டாஃப்னியா பெருகும், பாசி குறையும். 1975லயே ஷபிரோங்கற ஏரி ஆராய்ச்சியாளர் இதுக்கு பயோமேனிபுலேஷன்னு பேர் வச்சாச்சு. ஆனா இதுவும் எல்லா இடத்துலயும் ஓடாது. வருஷம் பூரா மீன் முட்டை போடுற சூடான ஏரியில பெரிய டாஃப்னியா நிலைக்கிறது கஷ்டம், நீலப்பச்சைப் பாசி கட்டி கட்டியா வந்தா இதுங்க சல்லடையே அடைச்சுக்கும், சாக்கடை உள்ள வர்றதை நிறுத்தாம எதைச் செஞ்சாலும் வீண். அப்புறம் ஆழத்துல ஆக்சிஜன் இருக்கணும், அதை யாருமே யோசிக்கிறதில்ல. மீன் வாசனை தண்ணியில கலந்தாலே டாஃப்னியாவுக்குத் தெரிஞ்சிடும், பகல்ல இருட்டான ஆழத்துக்கு இறங்கி ஒளிஞ்சுக்கும், ராத்திரி மேல வந்து மேயும். அடித் தண்ணி அழுகி மூச்சு விட முடியாமப் போச்சுன்னா ஒளியவும் இடமில்ல. கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தாலும் ஹீமோகுளோபின் சேத்து உடம்பைச் சிவப்பாக்கிக்கிட்டு சமாளிக்கும், பாவம், அதுக்கும் ஒரு எல்லை உண்டு.

ஒண்ணு சொல்லணும், இது உன் ஏரிக்குச் சம்பந்தமில்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. உடம்பு கண்ணாடியா இருக்குறதால இதயம் துடிக்கிறது, வயித்துல பச்சை நகர்றது எல்லாம் அப்படியே தெரியுமே, அதனாலதான் 1884ல மெச்னிக்காஃப்ங்கற விஞ்ஞானி, ஈஸ்ட் தொத்துன டாஃப்னியாக்குள்ள ரத்த அணுக்கள் அந்த ஈஸ்ட்டைச் சூழ்ந்து விழுங்குறதைப் பாத்தார். நம்ம உடம்பு நோயை எப்படி எதிர்க்குதுங்கற அறிவு வளர்ந்ததுல இந்தத் துளியூண்டு ஜீவனுக்கும் பங்கு இருக்கு. அதுக்கு உங்க ரிப்போர்ட்ல ஒரு வரி இல்ல!

சரி, சேறு. என் பயமே இதுதான். நல்ல காலத்துல டாஃப்னியாவுல பொண்ணுங்களே ஆணில்லாம தன்னை மாதிரியே பொண்ணுங்களைப் பெத்துத் தள்ளும். சாப்பாடு குறைஞ்சாலோ கூட்டம் நெரிஞ்சாலோ ஆணும் பொறக்கும், அப்புறம் கலந்து வர்ற ரெண்டு முட்டைய கறுப்பா ஒரு கெட்டிக் கூட்டுக்குள்ள வச்சு அடியில விட்டுடும். அது காய்ஞ்சாலும் உறைஞ்சாலும் தாங்கும். மினசோட்டாவுல ஒரு ஏரிச் சேத்துல இருந்து சுமார் 700 வருஷப் பழைய டாஃப்னியா முட்டைய எடுத்துப் பொரிக்க வச்சாங்க, 2014ல வந்த கட்டுரை. நீங்க கழிவுன்னு லாரியில ஏத்தப் போறது அந்த ஏரியோட விதைக் கையிருப்பு. அதை மொத்தமா வழிச்சுட்டு தண்ணி நிரப்புனா என்ன வரும்? பறவை கால்லயும் காத்துலயும் எது மொதல்ல வந்து சேருதோ அது வரும், அது பெரிய டாஃப்னியாவா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

பாஸ்பரஸ் அந்தச் சேத்துலதான் இருக்கு, எடுக்கணும்னு நீ சொல்லுவ, எடுங்க, நான் வேணாம்னு சொல்லல. மேல் சில சென்டிமீட்டர்ல இருக்குற முட்டைதான் பெரும்பாலும் பொரியும், அதனால கரையோரமா ஏதாவது ஒரு பகுதிய மட்டும் தொடாம விட்டுடுங்க. அப்படி முடியாதுன்னா மேல் சேத்தைக் கொஞ்சம் தனியா எடுத்து, ஈரமா இருட்டுல வச்சிருந்து, தண்ணி நிரப்புன பிறகு திரும்பப் போடுங்க. மீன் அதுக்கப்புறம் போகட்டும், டாஃப்னியா பெருகுன பிறகு. ஒரு குழாய் சேறு எனக்கு அனுப்பு, மேல இருந்து கீழ வரைக்கும் குலையாம, அதுல எத்தனை கூடு இருக்குன்னு நானே எண்ணித் தர்றேன்.

இன்னொண்ணு. வாத்தியாரோட பழைய சாம்பிள் பாட்டிலையெல்லாம் கட்டடம் காலி பண்றப்போ தூக்கிப் போடப் போனாங்க, நான் போய் சண்டை போட்டு எடுத்துட்டு வந்து வச்சிருக்கேன். அதுல பாதிக்கு மேல உன் ஏரித் தண்ணிதான், லேபிள்ல உன் கோழிக்கிறுக்கல். கிரிஸ்டல் ஏரியோட அந்த 1942 கணக்கு இல்லன்னா 1964ல என்ன காணாமப் போச்சுன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லு? உன் ஏரியில முன்ன யார் யார் இருந்தாங்கங்கறது இந்த பாட்டில்கள்ல இருக்கு. உங்க மீட்டிங்ல காட்டணும்னா படம் எடுத்து அனுப்புறேன், எந்த வருஷம் வேணும்னு சொல்லு.

நீ கோவப்படுவன்னு தெரியும், பிளான் முடியுற நேரத்துல வந்து குறுக்க நிக்கிறேன்னு. கோவப்படு, திட்டு, ஆனா கையெழுத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வை. விடப்போற மீன் லிஸ்ட்ல என்னென்ன இருக்குன்னு இன்னிக்கே அனுப்பு, எது எதைத் தின்னும்னு குறிச்சு உடனே திருப்பி அனுப்புறேன்.

உன்,
வலைக்காரி