பீலிக்கரையில் பூத்திருப்பது எல்டர்ஃபிளவர் அல்ல

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த எல்டர்ஃபிளவர் தேநீர் பற்றிய கட்டுரையை எங்கள் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நான்கு வீட்டார் படித்தார்கள். அதில் பூவின் படம் இல்லை. குளிர்நாட்டில் வளரும் மணமுள்ள வெள்ளைப்பூ, கொதிநீரில் போட்டுக் குடித்தால் சளியும் காய்ச்சலும் தீரும் என்று மட்டும் இருந்தது. மலையகத்திலுள்ள எங்கள் லிந்துலையும் குளிர்ப்பிரதேசம்தானே என்று நினைத்த பக்கத்து வீட்டு மகள், இருமிக்கொண்டிருந்த தம்பிக்காக, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய் ஒரு மடி வெள்ளைப்பூ பறித்து வந்துவிட்டாள்.

தற்செயலாக அந்த நேரம் அவர்கள் வீட்டு இஸ்தோப்பில், முன்திண்ணையில், நான் நின்றேன். அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. பேசினில் கிடந்தவை சாண் நீளக் குழல்பூக்கள். மர ஊமத்தை! நுவரெலியா பக்கம் வீதியோரங்களில் தலைகீழாகத் தொங்குகிறதே, அதேதான். பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. வாய் வரளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், புத்தி பேதலித்துப் பிதற்றல் வரும். பேசினோடு தூக்கிக்கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடினேன். "பேப்பரில் வெள்ளைப்பூ என்றுதானே அம்மா போட்டிருந்தது?" என்று அந்தப் பிள்ளை அழுதாள். அவள்மீது ஒரு குற்றமும் இல்லை.

எல்டர் ஐரோப்பாவில் வேலியோரங்களில் வளரும் சிறுமரம். லண்டனிலிருக்கும் என் மகள் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மூக்குத்தியைவிடச் சற்றே பெரிய, ஐந்து இதழ்ப் பூக்கள். காய்ந்தும் தேன் மணம் போகவில்லை. மரத்தில் அவை குடை விரித்தாற்போல் கொத்தாக இருக்கும். அதைக் குடித்தால் உடம்பு வியர்க்கும், சளி பிடிக்கத் தொடங்கும்போது இதமாக இருக்கும் என்று அங்குள்ளவர்கள் பல தலைமுறைகளாகக் குடிக்கிறார்கள். ஐரோப்பிய மருந்து முகவரகம் அதை ஏற்றிருப்பதும் அந்த நீண்டகாலப் பாவனையை வைத்துத்தான்; நோயாளரிடம் சோதித்து நிறுவியதால் அல்ல. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கவும் இல்லை. "காய்ச்சல் தீரும்" என்று நீங்கள் எழுதியது மிகை. அதன் இலை, தண்டு, பச்சைப் பழம் ஆகாது என்பதையும் எழுதவில்லை. 1983இல் கலிபோர்னியாவில் இலை, தண்டோடு பிழிந்த எல்டர் பழச்சாற்றைக் குடித்துச் சுகவீனமுற்றவர்களை ஹெலிகொப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று அந்தத் தம்பிக்கு நான் வைத்தது கொத்தமல்லித் தண்ணீர். வெறும் சட்டியில் மணம் எழும்வரை வறுத்த மல்லி, தட்டிய இஞ்சி. மூன்று கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்றவைத்து, ஒரு கடி கித்துள் கருப்பட்டியோடு இளஞ்சூட்டில் கொடுத்தேன். இதுவும் சளியைக் கொல்லாது. ஆனால் தொண்டைக்கு இதம், பிள்ளை தூங்கினான். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் எந்தக் கஷாயத்தையும் நம்பியிருக்காமல் இரத்தம் சோதிக்கவேண்டும். டெங்கு காலத்தில் இதை நான் சொல்லாத வீடில்லை.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு பூக்களின் படத்தையும் அருகருகே பெரிதாகப் போடுங்கள். மர ஊமத்தையின் கீழ் "நஞ்சு" என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். பீலிக்கரையில் அந்தப் பூ இன்னும் நிறையத் தொங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவமாது,
லிந்துலை