பாஸ் குமுறுகிறதா? எதையும் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹோம் தியேட்டர் மாட்டிய சில நாளில் பலர் கேட்கும் கேள்வி இது: "பாஸ் (கனத்த கீழ் ஸ்தாயி ஒலி) ஒரே குமுறலாக இருக்கிறது. சுவரில் ஃபோம் ஒட்டலாமா, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரிலேயே சரிசெய்துவிடலாமா?" இரண்டுக்கும் நல்ல காசு ஆகும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

குறை பெரும்பாலும் பாஸுக்கான ஸ்பீக்கராகிய சப்வூஃபரில் இல்லை, அறையில்தான். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பாஸை வெளியே விடாமல் திருப்பித் திருப்பி அடிக்கின்றன. 12 அடி நீள அறையில் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 47 அதிர்வு) ஒலி கூடி நிற்கும். அகலமும் உயரமும் 10 அடி என்றால் இரண்டுமே 56 ஹெர்ட்ஸில் விழும். ஒன்றோடு ஒன்று சேர்ந்து இன்னும் மோசம். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் ஜன்னல் கண்ணாடி அதிர்வது இதனால்தான்.

2 அங்குல ஃபோம் இதற்கு உதவாது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். மெல்லிய ஃபோம் அதைத் தொடக்கூட முடியாது. மேல் ஸ்தாயி ஒலியைத்தான் உறிஞ்சும். பேச்சு மங்கிவிடும், குமுறல் அப்படியே இருக்கும். முட்டை அட்டையும் அப்படித்தான். மூலைகளில் அரை அடிக்கும் மேல் கனமாக ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்த பஞ்சு போன்ற பொருள்) வைத்து, பின்னால் இடைவெளியும் விட்டால் பலன் உண்டு: பாஸ் இழுபடாமல் சட்டென்று நிற்கும், எல்லா இருக்கைக்கும் அந்த நன்மை கிடைக்கும். ஆனால் இடத்தை அடைக்கும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதுவும் திணறும்.

அங்கேதான் ரிசீவரில் வரும் டிராக், ஆடிசி போன்ற டிஜிட்டல் திருத்தம் கைகொடுக்கும். மைக் வைத்து அளந்து, ஒலி கூடி வீங்கிய ஹெர்ட்ஸை அழகாக வெட்டிவிடும். ஆனால் அலைகள் ஒன்றையொன்று அடித்து ஒலி குறைந்துபோன பள்ளத்தை நிரப்ப அதனால் ஆகாது. ஒலி அளவை 10 டெசிபெல் ஏற்ற ஆம்ப்ளிஃபயருக்குப் 10 மடங்கு சக்தி வேண்டும். அத்தனையும் கொடுத்தாலும் சுவரிலிருந்து திரும்பி வரும் அலை அதையும் அடித்துவிடும். தவிர, ஒரு இருக்கைக்குப் பொருந்தும் திருத்தம் பக்கத்து இருக்கைக்குப் பொருந்த வேண்டியதில்லை.

அதனால் எங்கள் யோசனை, முதலில் நகர்த்திப் பாருங்கள். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்; நட்ட நடுவிலும் வேண்டாம், அங்கே பாஸ் காணாமல் போகும். ஒன்றிரண்டு அடி நகர்த்தியதிலேயே பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. அப்புறமும் மிச்சம் இருந்தால், சொந்த வீட்டுக்காரர்கள் மூலைக்கு ராக்வூல் வைத்துவிட்டுத் திருத்தத்துக்குப் போகலாம். வாடகை வீடு என்றால் நேரே திருத்தமே போதும்.

அறையின் நீளம், அகலம், உயரம், கதவு, ஜன்னல், சோஃபா எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து கடைக்குக் கொண்டு வாருங்கள். எதையாவது வாங்கத்தான் வேண்டுமா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்