மண்டையோட்டைக் கொதிக்க வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறைச்சிக்கடையில் போத்தின் (எருமைக்கடாவின்) தலையைக் கேட்டு வாங்கிவந்து, கொம்போடு மண்டையோட்டைச் சுத்தம் செய்து வீட்டுச் சுவரில் மாட்டும் ஆர்வத்தை எங்கள் குலசேகரம் பகுதி இளைஞர்கள் சிலரிடம் காண்கிறேன். அதில் தவறில்லை. ஆனால், பெரிய பானையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மணிக்கணக்கில் கொதிக்க வைப்பதே வழி என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் தொழுவத்தில் வளர்ந்த எருமையின் தலையை நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். இரண்டாவது மழைக்காலத்திலேயே எலும்பு சுண்ணாம்பாக உதிர்ந்து, மூக்கெலும்பு தனியே கழன்று விழுந்தது.

கடும் கொதிநீர் எலும்பைப் பிணைத்து வைத்திருக்கும் புரதத்தை இளக்குவதோடு, கொழுப்பையும் நுண்துளைகளுக்குள் இறக்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் புரதத்தைக் குளோரின் அரிக்கிறது. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் அதையும் முயன்று பார்ப்பவர்கள் உண்டு. அது எலும்பின் சுண்ணாம்புச் சத்தையே கரைத்துவிடும்.

உண்மையில் இந்த வேலைக்கு வேண்டியவை தண்ணீரும் பொறுமையும்தான். தோலையும் சதையையும் இயன்றவரை கத்தியால் நீக்கி, பிடரிப்பக்கத்துத் துளை வழியாக மூளையை வெளியேற்றிய பின், தலை முழுவதும் மூழ்குமாறு பிளாஸ்டிக் தொட்டியில் சாதாரணத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். குளிர்நாடுகளில் இதற்குத் தண்ணீரைச் சூடாக்க வேண்டியிருக்கும். நம் ஊர் வெயிலே நுண்ணுயிர்களுக்குப் போதும். சதையைத் தின்பவை அவைதான் என்பதால், தண்ணீரை மாற்றும்போது முழுவதையும் கொட்டாமல் பாதியை மட்டும் மாற்றுவது நல்லது. நாற்றம் கடுமையாக இருக்கும். ஆகவே தொட்டியைக் கிணற்றுக்கும் அடுத்த வீட்டுக்கும் தள்ளி, நாய் நெருங்காத இடத்தில் வைத்து, கையுறை அணிந்தே தொட வேண்டும்.

சில வாரங்களில் கொம்பின் கறுப்பு உறை, உள்ளே இருக்கும் எலும்பிலிருந்து தளர்ந்து கையோடு வந்துவிடும். இடம் வலம் குறித்து வைத்து, உறைகளை நிழலில் உலர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், உறைக்குள் அழுகும் சதையின் வாடை ஆண்டுக்கணக்கில் போகாது. மாட்டினத்தில் அந்த உள்ளெலும்பும் உள்ளீடற்றது என்பதால் அதையும் நன்றாக அலச வேண்டும். ஊறும்போது கழன்று விழும் பற்களைச் சேர்த்து வைத்து, பின்னர் ஒட்டிக்கொள்ளலாம். மேல்தாடையின் முன்பக்கத்துப் பற்களைத் தொட்டியில் தேட வேண்டாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அங்கே பல்லே கிடையாது.

பலரும் தாண்டிப் போவது கொழுப்பு நீக்கும் கட்டம். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, எண்ணெய் மிதப்பது நிற்கும்வரை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போத்தின் தலைக்கு இது மாதக்கணக்கில் நீளலாம். அதன் பிறகே வெண்மைக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் கலந்து ஊற வைக்கலாம். வாயு வெளியேறுவதால் பாத்திரத்தை இறுக மூடக் கூடாது. கொம்பு உறை வெளுத்துவிடும் என்பதால் அதை இதில் போடக் கூடாது.

கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடுமே என்று வாதிடுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். திடீரென இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்த மாட்டுக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் இருந்திருக்கலாம். அதன் வித்துகள் சாதாரணக் கொதிநீருக்கு எளிதில் அடங்குவதில்லை, மண்ணிலும் பல்லாண்டு உயிர்த்திருக்கும். அத்தகைய உடலில் கத்தி வைக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

இவை அனைத்தும் வீட்டு விலங்குகளுக்கு மட்டுமே. 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டி வாழும் நமக்கு, உதிர்ந்த மிளா மான் கொம்போ காட்டுமாட்டின் தலையோ கண்ணில் படக்கூடும். தானாக உதிர்ந்ததாயினும், செத்துக் கிடந்ததாயினும், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம். கண்டவர்கள் அதைத் தொடாமல் வனத்துறையினரிடம் இடத்தைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.