உப்புக் காற்றின் மேல் பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் விற்பனை நிறுவனங்களின் பணிமனைகளில் உத்தரவாதத்தின் பேரில் நடக்கும் குளறுபடிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். மண்டபம், பாம்பன் பகுதிகளில் கார் வைத்திருப்போருக்கு இது புதிதல்ல. எந்தப் பாகம் பழுதானாலும், 'கடற்காற்றில் அரித்துவிட்டது, உத்தரவாதத்தில் வராது' என்ற பதில் தயாராக இருக்கிறது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் என்பதை எங்கள் ஜன்னல் கம்பிகளே சொல்லும். ஆனால், காரை எங்களுக்கு விற்றபோது அந்தக் காற்று வீசவில்லையா? 14 மாதமே ஆன என் காரின் ஏ.சி. கண்டென்சர் (ஏ.சி. வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம்) கசிந்தபோதும் இதையே சொல்லி, புதிது மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், சந்தேகத்தில் நான் முன்பே பழைய கண்டென்சரின் ஓரத்தில் வைத்திருந்த சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி அப்படியே இருந்தது.

உத்தரவாதத்தை மறுப்பவர்கள் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவும், கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடமே ஒப்படைக்கவும் மாவட்ட நிர்வாகம் வலியுறுத்த வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம் என்பதையும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் பணிமனைகளில் பில் போடும் இடத்திலேயே தமிழில் எழுதி வைக்கச் செய்யலாம்.

- ஒரு வாசகர், மண்டபம்