மரக்கறிக் கணக்குக்கு எத்தனை செயலி வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கந்தப்பளைக்கும் ராகலைக்கும் இடையில் மரக்கறி சேகரித்துக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் லொறியேற்றும் என் சித்தப்பா, பல வருடங்களாகச் சீ.ஆர். கொப்பியில் எழுதிவந்த கணக்கைக் கைத்தொலைபேசிக்கு மாற்ற விரும்பி, கடந்த வருடம் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டார். அன்ட்ரொய்ட் தொலைபேசிக்கு ஒரு செயலி, ஐபோனுக்கு இன்னொன்று, அலுவலகக் கணினிக்கு வேறொரு மென்பொருள் என்று மூன்று விலைகளும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வருடாந்தப் பராமரிப்புக் கட்டணமும் எழுதப்பட்ட தாளுடன் அவர் என்னிடம் வந்தார். ஹட்டனில் சிறிய அளவில் மென்பொருள் வேலை செய்பவன் என்ற முறையில் அந்தத் தாளைப் பார்த்து வியப்படைந்தேன். அதன் பின்னர் அதே மாதிரியான தாள்களை வேறு இரு வியாபாரிகளின் கையிலும் கண்டதால், இக்கடிதத்தை எழுதத் துணிகிறேன்.

சித்தப்பாவிடம் இருப்பது திரை வெடித்த பழைய அன்ட்ரொய்ட் தொலைபேசி. தராசடியில் நிற்கும் பையனிடம் ஒரு டெப்லட் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்துகொண்டே கணக்கை மேற்பார்வை செய்யும் மகன் ஐபோன் வைத்திருக்கிறார். வங்கிக் கணக்குகளைப் பார்க்கும் சித்தி பழைய விண்டோஸ் கணினியை விட்டு நகர மாட்டார். மலையகத்தின் எந்தக் கடைக்குப் போனாலும் ஏறத்தாழ இதே கலவைதான் இருக்கும். இந்த நான்கு கருவிகளிலும் பொதுவாக இருப்பது குரோம், சஃபாரி போன்ற ஓர் இணைய உலாவி மட்டுமே. அந்த உலாவிக்குப் புரியும் எச்.ரி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய இணையப்பக்க மொழிகளைக் கொண்டு ஒரே ஒரு செயலியை எழுதி, அதைத் தொலைபேசியின் முகப்புத் திரையில் ஏனைய செயலிகளைப் போலவே ஒரு சின்னமாக வைத்துக்கொள்ள முடியும் என்ற செய்தியை விலைத்தாள் எழுதிக் கொடுத்தவர் ஏன் சொல்லவில்லை என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறேன்.

இது நேற்று முளைத்த யோசனை அன்று. 2007இல் ஐபோன் வெளிவந்தபோது, வெளியார் அதற்குச் செயலி எழுத வேண்டுமாயின் இணையத் தொழில்நுட்பத்திலேயே எழுதலாம் என்றுதான் ஸ்டீவ் ஜொப்ஸ் அறிவித்தார். அப்பிளின் செயலிக் கடை திறக்கப்பட்டது அதற்கு அடுத்த வருடத்தில். இணையப் பக்கத்தை ஓர் உறைக்குள் இட்டுச் செயலியாக்கும் போன்கெப் என்ற கருவி சில காலத்திலேயே வந்தது. அதை 2011இல் அடொபி நிறுவனம் வாங்கி, 2020இல் கைவிட்டது. ஆனாலும் அதன் மூலநிரல் (மென்பொருள் எழுதப்பட்ட நிரல் வரிகள்) அப்பாச்சி கொர்டோவா என்ற பெயரில் பொதுவில் தொடர்ந்தது. அதை நம்பி எழுதியவர்களின் எச்.ரி.எம்.எல். கோப்புகளை வேறொரு உறைக்குள் மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. நிறுவனம் கைவிட்டாலும் கைமுதல் போகாத தொழில்நுட்பமே சிறு வியாபாரிக்கு ஏற்றது என்பது என் எண்ணம். உறையே தேவைப்படாத வகையில், உலாவியிலிருந்து நேரடியாக நிறுவிக்கொள்ளும் செயலிகளுக்கு 2015இல் ‘புரோகிரசிவ் வெப் அப்’ என்ற பெயரும் கிடைத்தது. 2018இலிருந்து ஐபோனும் அவற்றின் அடிப்படை வசதிகளை ஏற்றுக்கொண்டது.

எனினும், உலாவியில் ஓடுவதால் மட்டுமே ஒரு செயலி நம் மலைகளில் ஓடிவிடாது. நான் செய்த முதற் பதிப்பே அதற்குச் சாட்சி. விவசாயியின் பெயர், மரக்கறி, நிறை, மூட்டைக்குக் கழிக்கும் அளவு, விலை ஆகியவற்றை இட்டு அழுத்தியதும் பதிவு இணையம் வழியாக நேரே சேவையகத்துக்கு (தரவைச் சேர்த்துவைக்கும் மையக் கணினிக்கு) செல்லும் விதத்தில் அதை அமைத்திருந்தேன். ஹட்டன் நகரிலிருந்த என் மேசையில் அது மிக அழகாக வேலை செய்தது. சேகரிப்பு நிலையமோ இரண்டு குன்றுகளுக்கு நடுவில் பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மூடுபனியும் மழையும் சேர்ந்து மின்சாரமும் தடைப்பட்டால் அந்த ஒரு கோடும் இல்லை. ஒரு மாலைப்பொழுதின் கரட், லீக்ஸ் பதிவுகள் அனைத்தும் அப்படியே காணாமற்போயின. சித்தப்பா என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொப்பியை எடுத்துத் தூசி தட்டி மேசைமேல் வைத்தார். அது தந்த வலி, அவர் கடிந்திருந்தால் பட்டிருக்கக்கூடிய வலியைவிட அதிகம்.

இரண்டாம் பதிப்பில் ஒழுங்கை முற்றாக மாற்றினேன். உலாவியில் சேர்விஸ் வேர்க்கர் என்றொரு நிரல் உண்டு. அது செயலியின் பக்கங்களையும் படங்களையும் முதன்முறை திறக்கும்போதே தொலைபேசியில் சேமித்துவைத்து, அடுத்த முறை இணையம் இல்லாவிட்டாலும் அவற்றைத் திறந்து தரும். பாதுகாப்பான இணைப்புள்ள தளத்தில் மட்டுமே இது இயங்கும். பதிவுகள் இன்டெக்ஸ்ட் டீபி என்ற, உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுக்களஞ்சியத்தில் முதலில் எழுதப்படும். சிக்னல் வரும்போது வரிசையாகச் சேவையகத்துக்கு அனுப்பப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாள இலக்கத்தைச் சேவையகம் கொடுக்கும்வரை காத்திராமல், தொலைபேசியே உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில், பாதி அனுப்பும்போது இணைப்பு அறுந்து, செயலி அதையே மறுபடியும் அனுப்பும் வேளையில், அந்த இலக்கத்தை ஏற்கனவே கண்டுவிட்ட சேவையகம் அதை இரண்டாவது முறை வரவு வைக்காது. இந்தச் சிறு ஏற்பாடு இல்லையென்றால் ஒரே கோவா மூட்டைக்கு இரண்டு முறை பணம் போய்விடும்.

இன்னொரு சிக்கல், தராசடியில் பையனும் கொழும்பில் மகனும் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்துவது. தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) பெயர் போட்ட கணக்கப்பிள்ளைமார், தவறாக எழுதியதைச் சுரண்டி அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி ஒப்பமிடுவார்கள் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையே பின்பற்றினேன். எங்கள் செயலியில் எழுதிய பதிவு எழுதியதுதான். திருத்தம் என்பது பழையதைச் சுட்டிக்காட்டும் புதிய பதிவு. யார், எந்தக் கருவியிலிருந்து, எத்தனை மணிக்குத் திருத்தினார் என்பது இரு பக்கமும் தெரிவதால் சண்டைக்கு இடமில்லை. திரையின் மேலே ‘இன்னும் அனுப்பாதவை’ என்று ஓர் எண்ணிக்கை எப்போதும் தெரியும்படியும் செய்தேன். அந்த எண் பூச்சியமாகும்வரை பையன் டெப்லட்டைக் கீழே வைப்பதில்லை. அன்ட்ரொய்ட் குரோமில் செயலி மூடியிருந்தாலும் பின்னணியில் அனுப்பும் வசதி இருக்கிறது. ஐபோனில் அது இல்லாததால் செயலியைத் திறந்தால்தான் அனுப்பும் என்பதை மகனுக்குச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிய நாம், அதே பழக்கத்தில் தரவையும் சேமித்தால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் விவசாயியின் பெயர் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும்; தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. தரவு முழுவதும் யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறிமுறையில் இருக்க வேண்டும் என்பதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. அப்போதும் முத்துசாமியும் முத்துச்சாமியும் இரு வேறு ஆட்களாகப் பதிவாவார்கள் என்பதால், பெயரைவிடத் தொலைபேசி இலக்கத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது நல்லது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்குள் அடங்கும் பொத்தானுக்குத் தமிழில் ‘சேமிக்கவும்’ என்று எழுதினால் சிறிய திரையில் அது பொத்தானை உடைத்துக்கொண்டு வெளியே நிற்கும். ‘சேமி’ என்றாலே போதும். விவசாயிக்குக் குறுஞ்செய்தியில் துண்டு அனுப்புவோர், ஆங்கில எழுத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 குறிகளையே கொள்ளும் என்பதையும், மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் அந்த எழுபதில் தனித்தனியாக எண்ணப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளட்டும். லொறிச் சாரதிகளில் பலர் சிங்களம் பேசுபவர்கள். அவர்கள் பார்க்கும் பக்கத்தை அவர்கள் மொழியிலேயே வைத்தோம்.

காலையில் லீக்ஸ் கட்டுகளைத் தூக்கிய கை ஈரமாகவே இருக்கும், ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பணியாது. ஆகவே பெரிய பொத்தான்கள், இலக்கம் இடும் இடத்தில் இலக்கங்கள் மட்டும் உள்ள விசைப்பலகை, இயன்ற இடங்களில் தட்டச்சுக்குப் பதிலாகப் பட்டியல் ஆகியவை அலங்காரமல்ல, அவசியம். இதையெல்லாம் விலை உயர்ந்த தொலைபேசியில் பரிசோதித்துப் பயனில்லை. சித்தப்பாவின் வெடித்த திரைதான் என் பரிசோதனைக்கூடம்.

இணையத் தொழில்நுட்பத்தால் ஆகாதவையும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. புளூடூத் தராசிலிருந்து நிறையை நேரடியாகப் பெற, அன்ட்ரொய்ட் குரோமில் வழி உண்டு. ஐபோனின் சஃபாரியில் இல்லை. அத்தகைய தேவை உள்ளவர்கள், அதே எச்.ரி.எம்.எல். நிரலைக் கெப்பசிட்டர் போன்ற உறைக்குள் இட்டுச் செயலிக் கடையில் ஏற்றலாம். கூகுள் அதற்கு ஒரே தடவை 25 டொலரும், அப்பிள் வருடந்தோறும் 99 டொலரும் அறவிடுகின்றன. டொலர் விலையை 2022இல் பார்த்த நமக்கு அந்த ‘வருடந்தோறும்’ என்ற சொல் சிறியதன்று. ஐபோனில் அறிவித்தல்கள் வருவதும் 2023க்குப் பிறகுதான், அதுவும் முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு மட்டுமே. செயலியைச் சஃபாரியில் சாதாரணப் பக்கமாகத் திறந்துவிட்டு, பின்னர் சஃபாரியைப் பயன்படுத்தும் ஏழு நாட்களில் அப்பக்கத்தைத் தொடாமலே விட்டால், அதில் சேமித்த தரவு அழிக்கப்படக்கூடும். அதனாலும் முகப்புத் திரையில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கினோம்.

விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்குகளும் இப்போது ஒரு தொலைபேசிக்குள் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், தொலைபேசி தொலைந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத செயலியை எவரும் விலைக்கு வாங்கக் கூடாது. வங்கி இலக்கங்களை நான் தராசடி டெப்லட்டுக்கு அனுப்புவதேயில்லை.

எனவே, செயலிக்கு விலை கேட்கப் போகும் வியாபாரிகள் முதலில் இவற்றைக் கேட்க வேண்டும் என வேண்டுகிறேன்: தளத்தின் பெயர் யாருடைய பெயரில் பதியப்படும், மூலநிரல் யார் கையில் இருக்கும், நாளை பிரிந்து போக நேர்ந்தால் கணக்கு முழுவதையும் எக்செல் தாளாக எடுத்துக்கொள்ள முடியுமா, விமானப் பயன்முறையில் தொலைபேசியை வைத்துவிட்டு இப்போதே என் கண்முன் பத்துப் பதிவுகள் இட்டுக்காட்ட முடியுமா? இறுதிக் கேள்விக்கு விற்பனையாளர் தயங்கினால், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வரலாம்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தோட்ட மடுவங்களிலும் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களின் கொழுந்துச் சேகரிப்பிலும் நிறை பற்றிய பிணக்குகள் நெடுங்காலமாக உள்ளன. தராசில் கண்ட நிறை அந்த நிமிடமே கொழுந்து கொடுப்பவரின் தொலைபேசியிலும் தெரியும்படி இதே முறையில் செய்ய முடியும். அத்துறையில் அனுபவமுள்ளவர்கள் தங்கள் பத்திரிகையில் இது பற்றி எழுதினால், கற்றுக்கொள்ள ஆவலாயுள்ளேன். சித்தப்பாவின் சீ.ஆர். கொப்பியை இன்னும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை மாலைகளில் கொப்பியையும் திரையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வருகிறோம்.

இங்ஙனம்,
ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்