வாசலில் நின்ற டீச்சர்

ஸ்கார்பரோ, டொரோண்டோ
செப்டம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் அண்ணனிடம் சொல்லி வாங்கிக்கொள். வலிக்குப் பயந்து நடப்பதை நிறுத்திவிடாதே.

பாப்பா ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். இங்கே தொழிலாளர் தினம் மே மாதத்தில் இல்லை, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வருகிறது. அதற்கு மறுநாள் பள்ளி திறந்தார்கள். அதே வாரம் ஒரு மாலையில் குடும்பத்தோடு வகுப்பறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த மாலையைப் பற்றி உனக்கு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

டீச்சர் வாசலிலேயே நின்று ஒவ்வொரு குடும்பமாக வரவேற்றார். பாப்பா என் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. எல்லோரும் உள்ளே போனபின் எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு டப்பா வண்ணப் பென்சில்களைக் கொட்டி, நிறம் பிரித்துக் குவளைகளில் போட ஆரம்பித்தார். சிவப்புப் பென்சிலை நீலக் குவளையில் போட்டார். பாப்பா எட்டிப் பார்த்தாள். இரண்டாம் முறையும் அப்படியே போட்டதும் துப்பட்டாவை விட்டுவிட்டுப் போய், அதை எடுத்துச் சரியான குவளையில் வைத்தாள். டீச்சர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பென்சிலை அவள் கையில் கொடுத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது அம்மா. உன் வகுப்பில் அழுகிற பிள்ளையிடம் சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்து "எத்தனை இருக்கிறது, எண்ணிச் சொல்" என்பாயே, அது நினைவுக்கு வந்தது. மே மாத வெயிலில் சேர்க்கைப் படிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு வியாசர்பாடியில் வீடு வீடாக ஏறி இறங்குவாய். விடுமுறையில் எங்களோடு இருக்காமல் ஏன் போகிறாய் என்று நான் கோபித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோபத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

டீச்சர் சொன்ன இன்னொன்று உனக்குப் பிடிக்கும். "வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், கதை சொல்லுங்கள். ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அண்ணன் பையனைச் சேர்த்த பள்ளியில், வீட்டிலும் ஆங்கிலமே பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களே, நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கனடாவில் ஒரு டீச்சர் சொன்னதை அண்ணியிடமும் சொல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா, இங்கே பள்ளி வாரியமே தமிழ் வகுப்பு நடத்துகிறது என்றார். பாப்பாவைச் சேர்க்கப் போகிறேன்.

சாப்பாடுதான் குறை. பாப்பாவின் பள்ளியில் மதிய உணவு கிடையாது, டப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். 1920இலேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஊர் நம்முடையது. 2022இல் காலை உணவும் வந்துவிட்டது. அதைச் சொன்னபோது அந்த அக்காவுக்கு ஆச்சரியம். நீ அனுப்பிய கடலை மிட்டாயைப் பள்ளிக்குக் கொடுத்துவிட முடியாது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குத் தொண்டை வீங்கி மூச்சே அடைத்துவிடுமாம். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் காக்க 2006 முதல் எங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் சட்டமே இருக்கிறது. மிட்டாயை வீட்டில் நானும் அவரும் தின்று தீர்க்கிறோம்.

கிளம்பும்போது டீச்சர் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படும், அழுதால் எப்படித் தேற்றுவீர்கள் என்று மூன்றே கேள்விகள். எந்த மொழியிலும் எழுதலாமாம். முதலில் தமிழில் எழுதினேன், கீழே ஆங்கிலத்தில். தேற்றுவது எப்படி என்ற இடத்தில், "அவளுடைய பாட்டி போனில் பேசினால் போதும்" என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். ஜனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள். 2016இல் நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. அந்த மாதம் வகுப்புக்கு வந்து தமிழில் ஒரு கதை சொல்ல முடியுமா என்று டீச்சர் கேட்டிருக்கிறார். முதல் நாள் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, காக்கா, நரி என்று குரல் மாற்றி ஒரு கதை சொல்வாயே, அதை அப்படியே போனில் பதிவு செய்து அனுப்பு. நரி பேசும் இடத்தில் அவசரப்படாதே. பாப்பாவும் நானும் அதைக் கேட்டுப் பழக வேண்டும்.

அன்புடன்,
உன் மகள்